பன்னிரண்டு நொடிப் பொங்கல்: வாழ்த்து அனிமேஷன் செய்யும் முறை

பண்டிகைக் காலையில் போனைத் திறந்தால் வாழ்த்துகள் குவிந்து கிடக்கும். கட்டைவிரல் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போகும். ஆனால் அப்படித் தள்ளுகிறவர் அந்தப் பண்டிகையைப் பிறந்ததிலிருந்து கொண்டாடி வருகிறவர். பானை எப்படிப் பொங்கும், புள்ளியை எந்த வரிசையில் வைப்பார்கள், கரும்பு என்ன நிறம் என்பதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரியாக வரைந்திருந்தால் விரல் ஒரு கணம் நிற்கும். தப்பாக இருந்தால், எது தப்பென்று யோசிக்கக்கூட மாட்டார், கடந்துவிடுவார். நாலைந்து பேர் மட்டும் உள்ள சென்னை ஸ்டுடியோவுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. ரெண்டர் செய்ய, அதாவது படத்தைக் கணினியில் உருவாக்கி எடுக்க, பெரிய வசதி இல்லாமலே, பண்டிகையை உற்றுப் பார்த்து வரைவதால் மட்டுமே நம் வாழ்த்து தனித்து நிற்க முடியும்.

முதல் சறுக்கல், ஆயத்தப் படங்கள் தரும் ஸ்டாக் படத்தளங்களில் நடக்கிறது. 'பொங்கல்' என்று தேடினால் வரும் வெக்டர் படங்களில் கரும்பு பலமுறை மூங்கில் மாதிரி பச்சையாக, வழவழப்பாக இருக்கும். நாம் பொங்கலுக்கு வாங்குவது ஊதாவும் கருஞ்சிவப்பும் கலந்த பன்னீர்க் கரும்பு. அதன் கணுக்கள் ஒரே சீரான இடைவெளியில் இருப்பதில்லை. அடியில் நெருக்கமாகவும் நடுவில் விலகியும் இருக்கும். கணுவை ஒட்டிச் சாம்பல் பூத்தது போல் ஒரு வெளிறிய வளையம் ஓடும். அந்த வளையத்தை வரைந்துவிட்டாலே போதும், மூங்கில் கரும்பாகிவிடும். மஞ்சள் கொத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். கிழங்கும் நீண்ட இலையும் சேர்ந்த செடி அது. பானையின் கழுத்தில் கட்டும்போது இலைகள் ஒரு பக்கம் சாயும், கிழங்கு தொங்கும். ஜனவரி இரண்டாம் வாரம் கோயம்பேட்டில் போடும் பொங்கல் சிறப்புச் சந்தையில் இவை எல்லாம் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அதைப் போனில் படமெடுத்து வைத்தால் அடுத்த வருட வேலைக்கு அதுவே ஆதாரப் படத் தொகுப்பு.

மாட்டுப் பொங்கலுக்குத் திமிலை மறக்கக் கூடாது. கறுப்பு வெள்ளைத் திட்டுகளோடு, திமிலே இல்லாத சீமைப் பசுவுக்கு மாலை போட்டு அனுப்பும் வாழ்த்துகள் ஒவ்வொரு வருடமும் வருகின்றன. காங்கேயம் காளையின் உருவ அமைப்பைப் பாருங்கள்: சாம்பல் வெண்மை உடல், கழுத்தும் திமிலும் கருத்து வரும், கொம்பு வெளியே விரிந்து மேலே வளையும். தலையை ஆட்டும்போது திமில் இரண்டு மூன்று ஃப்ரேம் (அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்கள்) பின்தங்கி அசைய வேண்டும். அலைதாடியும் அப்படியே. இந்தச் சின்னப் பின்தங்கல்தான் காளைக்கு எடை தருகிறது.

இனி பானை. பொங்கல் வாழ்த்தின் உயிர் பொங்கும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது, பெரும்பாலான அனிமேஷன்கள் கோட்டை விடுவதும் அங்கேதான். முதலில் நிறம். அரிசியும் வெல்லமும் போடுமுன் பொங்கி வழிவது பால். ஆகவே வழிவது வெள்ளை நுரையாக இருக்க வேண்டும். மஞ்சளான சர்க்கரைப் பொங்கல் பானை விளிம்பிலிருந்து வழிவது போல் வரைவது தவறு. சுத்த வெள்ளையும் வேண்டாம், காகிதம் மாதிரி தெரியும். சிவப்பு, பச்சை, நீல அளவில் 255, 246, 229 போன்ற இளம் பாலேட்டு நிறம், நுரையின் அடியில் அடுப்பு வெளிச்சத்தின் ஆரஞ்சு கொஞ்சம்.

அடுத்தது அசைவு. பால் நீரூற்று மாதிரி துள்ளாது, துளியாகச் சிதறாது. விளிம்போரத்தில் முதலில் குமிழ் கட்டும்; பிறகு நடு உப்பும்; மெதுவாக ஏறிக்கொண்டே வந்து விளிம்பைத் தொட்டதும் திடீரென வேகம் பிடிக்கும். நொடிக்கு 24 ஃப்ரேம் வேகத்தில் இதற்குக் கைகொடுக்கும் கணக்கு இது: குமிழ் கட்டி ஏற 48 ஃப்ரேம், விளிம்புக்கு மேல் குவிந்து எழ 10, அங்கேயே தயங்கி நிற்க 4, ஒரு பக்கம் உடைந்து முதல் ஒழுக்கு பானையின் கழுத்தைத் தாண்ட 14. இரண்டாவது ஒழுக்கு வேறு பக்கத்தில், முதலாவதற்கு 8 ஃப்ரேம் கழித்து. அந்த 4 ஃப்ரேம் தயக்கத்தை வெட்டிவிடாதீர்கள். அடுப்பைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் 'பொங்கலோ பொங்கல்' என்று குரல் எடுக்கத் தயாராகும் இடம் அதுதான். வழிந்த பால் தீயில் விழுந்ததும் ஆவி ஒரு கொத்தாக எழ வேண்டும், சுடர் 6 ஃப்ரேம் ஒடுங்கி மீண்டும் எழ வேண்டும். பானைக்கும் தீக்கும் உள்ள தொடர்பு இதில்தான் தெரியும்.

நுரையை ஒவ்வொரு ஃப்ரேமாகக் கையால் வரைய நேரம் இல்லாதபோது ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் ஒரு சுருக்கு வழி உண்டு. வெவ்வேறு அளவில் 25 முதல் 30 வட்டங்களைத் தனி கம்போசிஷனில் அசைத்து, மொத்தத்துக்கும் மங்கலாக்கும் காஸியன் பிளர் சுமார் 20 அளவு கொடுத்து, மேலே ஓரத்தை இறுக்கும் சிம்பிள் சோக்கர் போட்டால் வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பிய நுரையாகிவிடும். வட்டங்கள் எல்லாம் ஒரே அளவில் இருந்தால் திராட்சைக் கொத்தாகத் தெரியும்; பெரியது ஒன்றுக்குச் சிறியது நான்கு என்ற விகிதம் நன்றாக வரும். சோக்கரை அதிகம் ஏற்றினால் ஒழுக்கின் மெல்லிய நுனி மறைந்துபோகும், அதனால் நுனியை மட்டும் தனி ஷேப் லேயராக வரைந்து மேலே வையுங்கள்.

அடுப்பு எது என்பதை வாடிக்கையாளரிடம் கேட்டுவிடுவது நல்லது. மூன்று செங்கல்லும் விறகும் அழகுதான். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டும் நிறுவனத்துக்குச் செய்யும் வாழ்த்தில் கேஸ் அடுப்பில் வெண்கலப் பானை வைத்து, சமையலறை ஜன்னல் வழியே சூரியன் வருவது போல் வைத்தால் பார்ப்பவர் தன் வீட்டையே பார்ப்பார். சென்னையில் பாதிப் பேர் அப்படித்தானே பொங்கல் வைக்கிறோம்?

கோலத்துக்கு வருவோம். மார்கழியில் விடிவதற்குள் மயிலாப்பூர் மாட வீதிகளில் ஒரு சுற்று போனால் பார்க்க வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும். கோடு போடும் கையைவிட, புள்ளி வைக்கும் கையைக் கவனியுங்கள். இடுக்குப் புள்ளிக் கோலத்தில் நடுவிலுள்ள நீளமான வரிசையை முதலில் வைத்து, பிறகு மேலும் கீழும் ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டு போவார்கள். அனிமேஷனில் மேலிருந்து கீழாகப் புள்ளிகள் தோன்றினால் அச்சு இயந்திரம் அடிப்பது போலிருக்கும். எண்ணிக்கையும் நேரத்தை ஒட்டியே தேர்வாக வேண்டும். 7 புள்ளி 4-இல் நிறுத்தினால் மொத்தம் 37 புள்ளி; புள்ளிக்கு 2 ஃப்ரேம் என்றாலே 74 ஃப்ரேம், மூன்று நொடிக்கு மேல் போய்விடும். பன்னிரண்டு நொடி வாழ்த்தில் அது கட்டுப்படியாகாது. 5 புள்ளி 3-இல் நிறுத்தினால் 19 புள்ளி, 38 ஃப்ரேம். ஒன்றரை நொடியில் முடிந்துவிடும்.

கோட்டுக்கு, அதைச் சிறிது சிறிதாக வரைந்து காட்டும் டிரிம் பாத்ஸ் போதும். ஆனால் அதன் இரண்டு முனையில் மட்டும் கீஃப்ரேம் (நிலையைக் குறிக்கும் ஃப்ரேம்) போட்டு ஈஸி ஈஸ் கொடுத்தால் மொத்தக் கோலமும் மெதுவாகத் தொடங்கி, நடுவில் பறந்து, மெதுவாக முடியும். எந்தக் கையும் அப்படி இழுக்காது. கை எட்டும் தூரம் வரை ஓர் இழுப்பு, பிறகு மாவு எடுக்க ஒரு நிறுத்தம், மறுபடி இழுப்பு என்றுதான் கோலம் வளரும். ஆகவே நான்கைந்து இழுப்பாகப் பிரித்து, இடையில் 4 முதல் 6 ஃப்ரேம் நிறுத்தம் வையுங்கள். புள்ளியைச் சுற்றி வளையும்போது வேகம் குறையட்டும், நேர்க்கோட்டில் கூடட்டும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளிலிருந்து கொண்டுவந்த கோட்டின் தொடக்கப் புள்ளி எங்கோ ஒரு மூலையில் இருக்கும்; அதைத் தேர்ந்தெடுத்து செட் ஃபர்ஸ்ட் வெர்டெக்ஸ் கொடுத்து, கை இயல்பாகத் தொடங்கும் இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்னொரு விஷயம்: எல்லாப் புள்ளி அமைப்பிலும் சிக்குக் கோலம் ஒரே இழையாக முடியாது. இரண்டு மூன்று இழையாக வந்தால் ஒவ்வொன்றையும் தனி லேயரில் வைத்து, ஒன்று முடிந்தபின் அடுத்ததைத் தொடங்குங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் வளர்ந்தால் கை எங்கே என்ற கேள்வி வந்துவிடும். ஏஐ செய்து தரும் கோலப் படங்களை நம்பி இறங்க வேண்டாம். தூரத்தில் அழகாகத் தெரியும், கிட்டே போனால் இழை பாதியில் அறுந்திருக்கும், புள்ளி சுற்றப்படாமல் நிற்கும். கோலம் போடத் தெரிந்தவர் அதை ஒரு நொடியில் பிடித்துவிடுவார்.

மாவுக்கோட்டின் தன்மைக்கு, ஓரத்தைச் சொரசொரப்பாக்கும் ரஃபன் எட்ஜஸ் மிகக் குறைந்த அளவில், அந்தச் சொரசொரப்பை மாற்றும் எவல்யூஷனை அசைக்காமல் நிலையாக. அது அசைந்தால் கோடு புழு மாதிரி நெளியும். இழுப்பு தொடங்கும் இடத்தில் மாவு சற்றுத் தடித்து விழும்; அங்கே ஒரு சின்னப் பொட்டு. தரை, தண்ணீர் தெளித்த கருஞ்சாம்பல் சிமென்ட். ஓரத்தில் காவி. நிறக்கோலம் என்றால் வண்ணம் கோட்டைத் தொடாமல் ஒரு மயிரிழை உள்ளேயே நிற்கட்டும், விரலால் தூவிய மாதிரி இருக்கும்.

ஃப்ரேம் வேகத்தில் 24 ஏன் என்று கேட்கலாம். இந்தியத் தொலைக்காட்சிக்கு 25 தானே? போனுக்கும் கடை வாசல் எல்இடி திரைக்கும் போகும் வாழ்த்து பெரும்பாலும் லூப்பாகச் சுற்றும். 12 நொடிக்கு 24 என்றால் 288 ஃப்ரேம். இந்த எண் அனிமேட்டருக்கு வரம். 8 படம் கொண்ட தீச்சுடரை இரண்டிரண்டு ஃப்ரேமாக வைத்தால் 16 ஃப்ரேம் சுழற்சி. 288-க்குள் சரியாக 18 முறை வரும். ஆவி 48 ஃப்ரேம் என்றால் 6 முறை, சூரியக் கதிர் 36 என்றால் 8 முறை, கரும்புத் தோகையின் ஆட்டம் 72 என்றால் 4 முறை. எல்லாமே லூப்பின் கடைசியில் தொடக்க நிலைக்கு வந்து சேரும். 25 வேகத்தில் 300 ஃப்ரேம். அதில் 16 சரியாக அடங்காது, சுடர் லூப்பின் முனையில் துள்ளும். தொலைக்காட்சிக்கும் வேண்டும் என்றால் முடித்த படத்தை 25 வேகத்தில் ஓட்டிவிடுங்கள், 11.52 நொடியாகும், ஒலியை மட்டும் அதற்கேற்பச் சரிசெய்தால் போதும். அடுத்தடுத்த ஃப்ரேம்களைக் கலக்கும் ஃப்ரேம் பிளெண்டிங் போட்டால் வரைந்த கோடுகள் இரட்டையாகத் தெரியும்.

லூப்பில் இன்னொரு சின்னத் தவறு அடிக்கடி நடக்கிறது. 0-வது ஃப்ரேமும் 288-வது ஃப்ரேமும் ஒன்றுபோல் இருக்கக் கீஃப்ரேம் போட வேண்டும், ரெண்டர் 287-இல் நிற்க வேண்டும். 288-ஐயும் சேர்த்து எடுத்தால் ஒரே படம் இரண்டு முறை வந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடுக்கல் தெரியும். சாதாரணமாகப் பார்க்கையில் கண்டுபிடிக்க முடியாது. கடையில் நாளெல்லாம் ஓடும்போது உறுத்தும்.

முதல் ஃப்ரேம் கறுப்பாக இருக்கவே கூடாது. வாட்ஸ்ஆப்பில் வீடியோவைத் திறக்குமுன் தெரிவது அதுதான். பானையும் அடுப்பும் சூரியனும் முதல் ஃப்ரேமிலேயே இருக்கட்டும், கோலமும் பாலும் அதன்மேல் நடக்கட்டும். வாழ்த்து வரி முழுமையாக வந்தபின் மூன்று நொடியாவது அசையாமல் நிற்க வேண்டும். வாடிக்கையாளரின் லோகோ கடைசி இரண்டரை நொடியில். லோகோவோடு தொடங்கச் சொல்வார்கள். விளம்பரம் என்று தெரிந்த அடுத்த கணம் விரல் தள்ளிவிடும் என்பதை அனிமேட்டிக்கில் (நேரக் கணக்கோடு கோத்த முன்மாதிரியில்) இரண்டு விதமாகவும் வைத்துக் காட்டினால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

எழுத்து. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அழகான படத்தில் 'பொ' உடைந்து, ஒற்றைக் கொம்பு தனியே தொங்கினால் மற்ற உழைப்பெல்லாம் வீண்.

வாடிக்கையாளர் அனுப்பும் வரி பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் இருக்கலாம். அதை யூனிகோடுக்கு மாற்றியபின் மூன்று இடங்களைக் கண்ணால் பாருங்கள்: துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' வந்திருக்கிறதா, 'ஔ' வரும் இடத்தில் 'ஒ' ஒன்றும் 'ள' ஒன்றும் தனித்தனியாக நிற்கின்றனவா, 'கௌரி' என்பது 'கெளரி' ஆகியிருக்கிறதா. பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் தப்பித்துவிடும். எழுத்துருவை மாற்றும்போது பல்லிளிக்கும். கடைப் பெயர்களில் 'ஸ்ரீ' வந்தால் தனிக் கவனம். யூனிகோடில் அதை 'ஸ' கொண்டும் எழுதலாம், 'ஶ' கொண்டும் எழுதலாம். சில எழுத்துருக்கள் இரண்டில் ஒன்றைத்தான் ஒரே உருவாகச் சேர்க்கும். மற்றது மெய்யும் 'ரீ'யுமாகப் பிரிந்து நிற்கும்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய், டெக்ஸ்ட் எஞ்சினை லத்தீனிலிருந்து சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன் என்று மாற்ற வேண்டும். அது சரியாக இருந்தாலும் டெக்ஸ்ட் அனிமேட்டரில் எழுத்தெழுத்தாக அசைக்கும்போது உயிர்மெய்கள் உடையலாம். 'பொங்கல்' என்பதில் நமக்கு வேண்டியது பொ, ங், க, ல் என்ற நான்கு துண்டு. மென்பொருள் அதைத் தன் கணக்கில் வேறு மாதிரி வெட்டிவிடும். பத்திரமான வழி, வரி உறுதியானபின் இல்லஸ்ட்ரேட்டரில் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றி, ஒவ்வொரு முழு எழுத்தையும் தனி லேயராகப் பிரித்துக்கொள்வது. கொம்பும் காலும் தாய் எழுத்தோடு ஒரே லேயரில் இருக்கட்டும். கோட்டுருவமாக்கிய பிறகு திருத்தம் என்றால் மொத்தமும் திரும்பச் செய்ய வேண்டும். அதனால் 'வாழ்த்துகள்' என்றா 'வாழ்த்துக்கள்' என்றா என்பதுவரை எல்லாவற்றுக்கும் முன்பே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட வேண்டும்.

இலவச உரிமத்தில் கிடைக்கும் எழுத்துருக்களில் முக்தா மலர் சிறிய அளவிலும் தெளிவாக நிற்கும். பாலு தம்பி பருத்து, குழந்தைத்தனமான துள்ளலோடு இருக்கும். இனிப்புக்கடை, பள்ளி வாழ்த்துகளுக்குப் பொருத்தம். கவிவாணர் சாய்ந்த கையெழுத்துச் சாயல். இரண்டு வரியாக வரும் வாழ்த்தில் வரி இடைவெளி எழுத்தளவைப் போல் 1.4 மடங்காவது வேண்டும். மேல் வரியின் 'ழு', 'ணூ' கீழே இறங்கும், கீழ் வரியின் 'கி', 'டீ' மேலே ஏறும். இடைவெளி நெருங்கினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். ஆங்கில வடிவமைப்புக்குப் பழகிய கண் 1.2 போதும் என்று சொல்லும், அதைக் கேட்காதீர்கள்.

பெயர் மாற்றி மாற்றி எடுக்கும் வேலை சின்ன ஸ்டுடியோவின் சோறு. ஒரே வாழ்த்தை முப்பது கிளைகளுக்கு, முப்பது பெயரில் கேட்பார்கள். பெயர்ப் பெட்டியின் அகலத்தை, எழுத்தின் அளவைத் தரும் சோர்ஸ்ரெக்ட் அட் டைம் எக்ஸ்பிரஷன் மூலம் பெயரின் நீளத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதிலிருந்து அகலத்தை மட்டும் எடுங்கள். உயரத்தையும் எடுத்தால் பெயரில் கீழிறங்கும் எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துப் பெட்டி மேலும் கீழும் குதிக்கும். முப்பது படமும் முப்பது விதமாக வரும்.

தீபாவளிக்குச் சென்னை வாடிக்கையாளருக்கு வரிசை வரிசையாக அகல் விளக்கு வைத்துக் கொடுத்தால் அது வடக்கத்திய தீபாவளி போலிருக்கும். நம் ஊரில் அகல் வரிசை கார்த்திகை தீபத்துக்கு. நமது தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலில் தொடங்குகிறது. எண்ணெய்க் கிண்ணம், சீயக்காய், ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுத்துணி, தட்டில் பலகாரம், பக்கத்தில் லேகியம். ஒளியும் அதற்கேற்ப, விடியுமுன் உள்ள கருநீலமும் வாசல் விளக்கின் மஞ்சளும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் ஈரத் தரை வைக்கலாம். மத்தாப்பின் ஒளி தரையில் நீண்டு பிரதிபலிப்பதற்கு நிகரான அழகு வேறில்லை. பட்டாசு வெடிக்க 2018-லிருந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும்தான் அனுமதி. நள்ளிரவு வெடிக்காட்சி வைத்தால் அரசு சார்ந்த வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

புஸ்வாணம் அனிமேட் செய்வது எளிது, அனுப்புவதுதான் கஷ்டம். சின்னச் சின்னப் பொறி ஆயிரம் பறந்தால் கணினியில் பிரமாதமாக இருக்கும். வாட்ஸ்ஆப் சுருக்கியபின் கட்டம் கட்டமாகச் சிதைந்த கஞ்சிதான் மிஞ்சும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எல்லாம் மாறுவதால் சுருக்கத்துக்குப் பிடிமானமே கிடைப்பதில்லை. ஒரு நேரத்தில் 60 முதல் 80 பொறி, ஒவ்வொன்றும் 4 முதல் 6 பிக்சல், பின்னால் வால். கிளம்பும்போது வெண்மஞ்சள், ஆரஞ்சாகி, கருஞ்சிவப்பில் மறைய வேண்டும். ஆயுள் ஒரு நொடி. பொறியைக் குறைத்த இடத்தை ஒளியால் நிரப்புங்கள். பக்கத்தில் நிற்கும் குழந்தையின் முகத்திலும் சுவரிலும் வெளிச்சம் ஏறி இறங்கினால் கண்ணுக்கு நூறு பொறி கூடுதலாகத் தெரியும். சரவெடிக்குத் திரை முழுவதும் வெள்ளையாக மின்னுவதைத் தவிர்க்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து. ஒரு நொடியில் மூன்று மின்னலுக்கு மேல் போகக் கூடாது என்பது இணைய அணுகல் விதிகளிலேயே இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்குப் பனி வேண்டாம். வாசலில் தொங்கும் காகித நட்சத்திரம், உள்ளே பல்பு, வெட்டிய துளைகள் வழியே கசியும் ஒளி, வைக்கோல் போட்ட குடில். நட்சத்திரம் 48 ஃப்ரேம் ஊசலில் மெல்ல ஆடினால் போதும். ரம்ஜானுக்குத் தொங்கும் எகிப்திய விளக்குகளை விட்டு, நோன்புக் கஞ்சிக் கிண்ணத்தையும் பிறையையும் வையுங்கள். தேதி போடவே கூடாது. பிறை பார்த்துத் தலைமை காஜி அறிவித்த பிறகுதான் நாள் உறுதியாகும்; அன்றிரவே அனுப்பும்படி ஃபைல் தயாராக இருக்க வேண்டும்.

தேதி பொங்கலுக்கும் பிரச்சினைதான். 2024-இல் ஜனவரி 15, 2025-இல் 14, 2026-இல் மறுபடி 15. போன வருட ஃபைலை எடுத்து லோகோவை மட்டும் மாற்றும்போது இதில் வழுக்குவது சகஜம். திருவள்ளுவர் ஆண்டு கேட்டால் ஆங்கில ஆண்டோடு 31 கூட்டுங்கள். 2026 தை முதல் நாளில் 2057 பிறந்தது. தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டு என்று வாழ்த்துவதா என்பதை நாமாக முடிவு செய்யக் கூடாது. 2008-இல் அதற்குச் சட்டம் வந்தது, 2011-இல் அது திரும்பப் பெறப்பட்டது. இரண்டு பக்கமும் உறுதியான கருத்துள்ளவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்கும் வரிதான் போக வேண்டும்.

ஒலியில்லாமல் பார்க்கிறவர்களே அதிகம் என்பதால் கதை படத்திலேயே முடிந்துவிட வேண்டும். ஆனாலும் ஒலி இருந்தால் அது நம் ஒலியாக இருக்கட்டும். இசைக் கிடங்குகளில் 'இந்தியப் பண்டிகை' என்று தேடினால் தபலாவும் சிதாரும்தான் வந்து நிற்கும். போகிக்குச் சென்னைக் குழந்தைகள் அடிக்கும் சின்ன மேளம், பொங்கலுக்கு நாதஸ்வரம், தவில் அல்லது பறை, பால் வழியும்போது ஒரு குலவை. சினிமாப் பாட்டு வேண்டாம், உரிமைக் கோரிக்கை வந்து ஒலி அடைக்கப்படும். தவில் அடி நுரை உடையும் ஃப்ரேமுக்கு ஒரு ஃப்ரேம் பின்னால் விழுந்தால் கண் ஏற்றுக்கொள்ளும், முன்னால் விழுந்தால் உறுத்தும்.

வெளியீட்டுக்கு 1080-க்கு 1920 பிக்சல் செங்குத்து வடிவம்தான் மூலம். மேலே 250, கீழே 340 பிக்சலுக்குள் எழுத்து எதுவும் வேண்டாம். செயலியின் பெயர்ப்பட்டையும் பதில் பெட்டியும் அங்கே வந்து உட்காரும். சதுர வடிவம் தனியாக அமையட்டும், செங்குத்துப் படத்தை வெட்டினால் கரும்பின் தோகையோ கோலமோ போய்விடும். எச்.264 என்ற சுருக்க முறையில் நொடிக்கு 8 மெகாபிட் என்றால் 12 நொடிக்குச் சுமார் 12 எம்பி. நிறுவனங்களுக்கான வாட்ஸ்ஆப் பிசினஸ் ஏபிஐ வழியாக அனுப்பும் வாடிக்கையாளருக்கு 16 எம்பி எல்லை என்பதால் இது அடங்கும்.

சுருக்கத்தில் முதலில் அடிபடுவது நிறத்தின் எல்லைகள். சாதாரண எம்பி4 வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும் நிறத்தைக் கால்பங்கு நுணுக்கத்தோடும்தான் சேமிக்கிறது. அதனால் பச்சை வாழையிலைமேல் சிவப்பு எழுத்து வைத்தால் ஓரம் கசிந்து மங்கும். இரண்டு நிறத்துக்கும் வெளிச்ச அளவில் நல்ல வித்தியாசம் வேண்டும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், எழுத்து அப்போதும் படிக்க வந்தால் பிழைத்துக்கொள்ளும். விடியல் வானத்தில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிவது அடுத்த தொல்லை. 16 பிட் நிறத்தில் வேலை செய்து, வானத்துக்கு மட்டும் இரண்டு சதவீதம் நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் அடங்கும். திரை முழுவதும் சேர்த்தால் பிட் ரேட்டை அதுவே தின்றுவிடும். கோலக்கோடு 8 பிக்சலுக்குக் குறைந்தால் விலை குறைந்த போனில் துண்டு துண்டாகத் தெரியும்.

கால அட்டவணை என்று பார்த்தால் ஆதாரப் படங்களும் வரியும் 2 நாள், மாதிரி ஃப்ரேம் 2, அனிமேட்டிக் 1, அனிமேஷன் 5, எழுத்தும் ஒலியும் 2, பெயர் மாற்றங்கள் 2, கையிருப்பாக 2. ஆக 16 வேலை நாள். பொங்கலுக்கு இதைப் பின்னோக்கி எண்ணினால் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம் குறுக்கே வரும். ஒப்புதல் தர வேண்டியவர்கள் அப்போது விடுமுறையில் இருப்பார்கள். மாதிரி ஃப்ரேமுக்கும் வாழ்த்து வரிக்கும் டிசம்பர் 22-க்குள் சரி வாங்கிவிட்டால் அந்த வாரம் முழுக்க அனிமேஷனுக்குக் கிடைக்கும். ஃபைல்களை அனுப்புமுன் வாட்ஸ்ஆப்பில் ஒரு எண்ணிலிருந்து இன்னோர் எண்ணுக்கு அனுப்பி, வந்து சேர்ந்த பிரதியை விலை குறைந்த ஒரு போனில், மதிய வெயிலில் நின்று பாருங்கள். வாடிக்கையாளருக்கு மூலப் பிரதியை டாக்குமெண்டாக அனுப்புங்கள், வீடியோவாக அனுப்பினால் அவர் கைக்குப் போகும்போதே ஒருமுறை சுருங்கிவிடும். அவர் பகிரும்போது இரண்டாம் முறை சுருங்கும், அதற்குள் கோலத்தின் புள்ளிகள் கரைந்திருக்கும்.